நுன்சியா அக்காவின் ஏழு இரவுகள்

நுன்சியா அக்கா எங்கள் ஹோட்டலின் முன்வாசல் வழியாக உள்ளே வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றாம் வருடம், ஜூன் பதின்மூன்றாம் தேதி, திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு. வருகிறவர்களின் பெயரையும் நேரத்தையும் பதிவேட்டில் எழுதுவதுதான் என் வேலை. அன்றைக்கு மட்டும் நான் உடனே எழுதவில்லை. எழுதக் கூடாது என்று உத்தரவு.

ஹோட்டல் வில்லா கலான்ட்ராவில் வேலை செய்த எங்களில் யாருக்கும் முன்வாசல் கிடையாது. எலுமிச்சைத் தோட்டத்தை ஒட்டிய சந்து வழியாக வருவோம், அதே வழியாகப் போவோம். அக்கா முப்பத்து நான்கு வருடம் அந்தச் சந்தில் நடந்து, பதினெட்டுப் படி இறங்கி, சலவைக்கூடத்துக்குள் போனவள். எங்கள் கடலோர ஊரான ஸ்காலாநோவாவில் பாதிப் பேர் அந்த ஹோட்டலை நம்பித்தான் பிழைத்தார்கள். ஆனால் கடல் பக்கத்து மாடத்தில் உட்கார்ந்தால் என்ன தெரியும் என்று கேட்டால் பதில் சொல்ல ஊரில் ஆள் இல்லை.

அன்று அக்கா நீலப் பூப்போட்ட உடை உடுத்தியிருந்தாள். பின்னால் அவள் புருஷன் பஸ்தியானோ அண்ணன், மாதா திருவிழாவுக்கு மட்டும் வெளியே எடுக்கிற கறுப்புக் கோட்டில், கயிறு கட்டிய பெட்டியோடு வந்தார். சூரை மீன் பிடிக்கும் படகில் நாற்பது வருடம் கழித்த மனிதர் அவர். எங்கள் சுழல் கதவு அவரை இரண்டு சுற்று சுற்ற வைத்துத்தான் உள்ளே விட்டது.

"கஸ்பாரே, எங்க ரூம் சாவியக் குடு" என்றாள் அக்கா என்னிடம், என்னவோ போன வருடமும் வந்து தங்கியவள் போல.

இந்த இடத்தில் அந்தக் காகிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹோட்டலை நடத்திய பழைய சீமாட்டிக்குப் பிள்ளைகள் இல்லை. முப்பது வருடம் வேலை செய்தவர் எவரானாலும், ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை, துணையோடு, கடல் பார்த்த அறையில் ஏழு இரவு விருந்தாளியாகத் தங்கலாம் என்று அவர் ஒரு விதி எழுதினார். அவர் இறந்த பிறகு ஹோட்டலை வாங்கிய நிறுவனம், விற்பனைப் பத்திரத்தில் அந்த விதியையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டது. ஓய்வு பெறும் நாளில் முத்திரை குத்திய காகிதம் ஒன்று கொடுப்பார்கள். எனக்குத் தெரிந்து பதினோரு பேர் வாங்கியிருக்கிறார்கள். ஒருவரும் வந்து தங்கவில்லை. ஒருத்தர் வீட்டில் அது புனிதர் படத்துக்குப் பக்கத்தில் சட்டம் போட்டுத் தொங்கியது. தோட்டக்காரர் கார்மெலு செத்தபோது அவர் பெண்டாட்டி அதை மடித்து அவர் கோட்டுப் பைக்குள்ளேயே வைத்துப் புதைத்துவிட்டாள்.

அக்கா ஓய்வு பெற்ற அன்று மேலாளர் பெர்ரூத்திதான் காகிதத்தைக் கொடுத்தார். வடக்கே தூரினிலிருந்து புதிதாக வந்தவர். பணிவான குரல், வெட்டி வைத்த மாதிரி மீசை. "அழகான நினைவுப்பொருள், நல்ல சட்டமாப் போட்டு மாட்டி வைங்க" என்றார். அக்கா காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது படமா சார், ரூமா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து, அந்த பிப்ரவரியில், அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. ஜூன் மாதம் வருவதாக எழுதியிருந்தாள். நவம்பரில் வந்தால் வசதியாக இருக்கும் என்று பெர்ரூத்தி பதில் போட்டார். ஹோட்டல் அக்டோபர் கடைசியில் மூடி, மார்ச்சில்தான் திறக்கும். "மூடுற அன்னைக்குப் போர்த்துற விரிப்ப எல்லாம் நான்தான் துவைச்சேன். ஜூன் பதிமூணு வர்றோம்" என்று அக்கா திருப்பி எழுதினாள். அந்தக் கடிதத்துக்குப் பதில் போகவில்லை. வந்தால் அறை இல்லை என்று சொல்லிவிடு என்று எனக்கு மட்டும் உத்தரவு வந்தது.

நான் சொன்னேன். "அக்கா, எல்லா ரூமும் நெறஞ்சிருச்சு. மன்னிச்சுக்குங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. "இருபத்தேழாம் நம்பர் கடல் ரூம்ல வியாழக்கிழமையிலிருந்து விரிப்பு மாத்தல. யாரும் படுக்காத கட்டிலுக்கு எதுக்கு மாத்தணும்? கீழ சலவைக்கூடத்துல ரொசாலியாகிட்ட கேட்டுட்டுத்தான்டா மேல வந்தேன்."

எனக்குக் காது வரைக்கும் சூடு ஏறியது. அதற்குள் பெர்ரூத்தி உள்ளறையிலிருந்து வந்துவிட்டார். அக்காவைப் பார்த்ததில் மிகவும் சந்தோஷம் என்றார். பின்கட்டில், சமையலறை முற்றத்தைப் பார்த்தபடி ஒரு நல்ல அறை இருக்கிறது, அங்கேதான் அவர்களுக்குச் சங்கோஜமில்லாமல் இருக்கும் என்றார். அக்கா காகிதத்தை மேசையில் விரித்து, கடல் பார்த்த அறை என்கிற இடத்தில் விரலை வைத்தாள். அந்த விரல்களில் கொதிநீரும் சலவைக் காரமும் தின்ற தோல் வெளுத்துப் போயிருந்தது. ஒரு கூடை நிறைய நல்ல ஒயினும் இனிப்பும் வீட்டுக்கே அனுப்பிவைப்பதாக அவர் சொன்னார். வேண்டாம் என்றாள். உங்களுக்கே இங்கே ஒட்டாது, மற்ற விருந்தாளிகளையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்றார் அவர், இன்னும் பணிவாக.

"அவங்க உள்பாவாடை வரைக்கும் துவைச்சவ நான். எனக்கு அவங்ககிட்ட என்ன வெக்கம்? அவங்களுக்கு எங்கிட்ட வெக்கமா இருந்தா அது அவங்க பாடு" என்றாள் அக்கா. பிறகு கூடத்தின் நடுவில், கூரையில் கடல்கன்னிகள் வரைந்திருக்கிற இடத்துக்கு நேர் கீழே, மஞ்சள் பட்டு சோபாவில் போய் உட்கார்ந்தாள்.

பஸ்தியானோ அண்ணன் நின்றுகொண்டே இருந்தார். போய்விடலாம் என்று மெதுவாகச் சொன்னார். ஊரே சிரிக்கும் என்றார். கடலில் புயலோடு மல்லுக்கு நின்றவர், அந்த வழவழப்பான தரையில் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தார்.

"போறதுன்னா போ. பெட்டிய மட்டும் வச்சிட்டுப் போ" என்றாள் அக்கா.

அவர் கொஞ்ச நேரம் சுழல் கதவையே பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அவள் பக்கத்தில் சோபாவின் நுனியில் உட்கார்ந்தார்.

பதினோரு மணிக்கு உட்கார்ந்தவர்கள் மூன்று மணியாகியும் எழுந்திருக்கவில்லை. ஒரு மணிக்கு அக்கா பையைத் திறந்து, பொரித்த கத்தரிக்காய் வைத்த ரொட்டியை எடுத்து ஆளுக்குப் பாதியாகப் பிய்த்தாள். பூண்டு வாசனை மாடிப்படி வரைக்கும் ஏறியது. குளித்துவிட்டு வந்த வெளிநாட்டுக்காரர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். வருடா வருடம் வருகிற டச்சுக்காரக் கிழவர் ஒருவர் அவர்களுக்கு எதிரே உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த அரைகுறை பாஷையில் அக்காவிடம் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு எழுந்து போகாமல் அங்கேயே செய்தித்தாள் படிக்க ஆரம்பித்தார். சலவைக்கூடத்துப் பெண்கள் காரணமே இல்லாமல் துண்டுக் கட்டுகளோடு கூடத்தைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். ஒரே கட்டு நாலு தடவை போனதை நான் பார்த்தேன்.

மூன்றரை மணிக்கு பெர்ரூத்தி காவல் நிலையத்துக்கு போன் செய்தார்.

நிலைய அதிகாரி துமினெல்லோ தனியாகத்தான் வந்தார். பருத்த மனிதர், வெயிலில் நடந்து வந்ததில் சட்டை நனைந்திருந்தது. காகிதத்தை வாங்கி ஒருமுறை படித்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தார். இது ஹோட்டல் முத்திரையா என்று கேட்டார். ஆமாம் என்றார் பெர்ரூத்தி. இது உங்கள் கையெழுத்தா என்று கேட்டார். அதற்கும் ஆமாம் என்றுதான் சொல்ல முடிந்தது.

"அப்ப இவங்க விருந்தாளிங்க. விருந்தாளிய வெளிய தள்ளறது என் வேலை இல்ல. இந்தக் காகிதம் செல்லாதுன்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, நான் நீதிபதிகிட்ட கொண்டு போறேன்" என்றார் துமினெல்லோ.

பெர்ரூத்தி பேனாவை எடுக்கவில்லை. மறுப்பதாக இல்லை, கடல் பார்த்த அறை எதுவும் காலியாக இல்லை என்பதுதான் பிரச்சினை என்றார். அதிகாரி என் பக்கம் திரும்பினார். "அப்படியாப்பா?"

மேலாளர் என்னைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. மடியில் இருந்த ரொட்டித் துகளைத் தட்டிக்கொண்டிருந்தாள். பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பத்தொன்பது வருடம் அந்த மேசைக்குப் பின்னால் நின்று, கேட்டதற்கெல்லாம் "சரி சார்" சொல்லிப் பழகிய வாய் என்னுடையது. அது திறந்ததும் வெளியே என்ன வரும் என்று எனக்கே தெரியவில்லை.

"இருபத்தேழு காலியா இருக்கு சார். வியாழக்கிழமையிலிருந்து" என்றேன்.

பதிவேட்டைத் திறந்து பெயரை எழுதினேன். சாவியை எடுத்து மேசையில் வைத்தேன். அக்கா வாங்கிக்கொண்டு, "பெட்டியத் தூக்க ஆள் வேணாம், அவரு இருக்காரு" என்றாள். பஸ்தியானோ அண்ணன் கயிற்றுப் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, பளிங்குப் படியில் அவள் பின்னால் ஏறினார். டச்சுக்காரர் செய்தித்தாளை இறக்கி, எழுந்து நின்று தலை குனிந்தார்.

மேலாளரை ஜெயித்தாகிவிட்டது என்று நினைத்தேன். எங்கள் ஆட்கள் மிச்சமிருந்தார்கள். அதை நான் யோசிக்கவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அவர்கள் இறங்கி வந்தபோது தலைமைப் பரிசாரகர் இஞாசியோ அவர்களைச் சமையலறைக் கதவை ஒட்டிய மேசையில் உட்கார வைத்தார். கதவு திறக்கும்போதெல்லாம் அண்ணனின் நாற்காலியில் இடித்தது. இஞாசியோவும் அக்காவும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். பெர்ரூத்தி சொல்லித்தான் அவர் அப்படிச் செய்தார் என்று பிறகு சிலர் சொன்னார்கள். இல்லை. நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் ஒயின் குப்பியோடு வந்து குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது இது: "உனக்கு நான் ஊத்திக் குடுக்கணுமா நுன்சியா? உங்கப்பன் எங்கப்பன்கிட்ட வலை கடன் கேட்டு நின்னவன்."

அக்கா கோபப்படவில்லை. "உனக்கு எத்தன வருஷம் ஆச்சு இங்க?"

"இருபத்தொம்போது."

"அப்ப அடுத்த வருஷம் முப்பது. ஓய்வு வாங்கினா உனக்கும் காகிதம் வரும். நீயும் உன் பொண்டாட்டி கொன்செத்தாவும் வந்து உக்காந்தா உங்களுக்கு யாரு ஊத்துவா? இன்னைக்கு எனக்கு ஊத்தத் தெரியாதவன் அன்னைக்கு உனக்கு ஊத்துவானா?"

இஞாசியோ நிமிர்ந்தார். குப்பியை மேசையில் வைத்தார். பிறகு கடல் பக்கத்து ஜன்னலோர மேசையிலிருந்த ஒதுக்கீட்டு அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அக்காவின் நாற்காலியைப் பின்னால் இழுத்தார். மேசை மாறினார்கள். முதல் கோப்பையை அண்ணனுக்கு ஊற்றினார், ருசி பார்த்துச் சொல்லும்படி, பெரிய மனிதர்களுக்குச் செய்கிற மாதிரியே. அண்ணன் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஊத்து" என்றார்.

மீன் வந்தபோது எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. வாள்மீன் துண்டு, மேலே உப்பில் ஊறிய கேப்பர் பூமொட்டும் தக்காளியும். அண்ணன் முள்கரண்டியால் ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். எந்தக் கரண்டி எதற்கு என்று தெரியாமல் அதுவரை வாயே திறக்காதவர், அப்போது கூடம் முழுக்கக் கேட்கிற குரலில், படகில் பேசிப் பழகிய குரலில், "இது மூணு நாள் மீன்" என்றார்.

அக்கம்பக்கத்து மேசைகளில் கரண்டிகள் நின்றன. மெஸ்ஸினாவிலிருந்து வந்திருந்த வக்கீல் ஒருவர், எப்படித் தெரியும் என்று கேட்டார். சனிக்கிழமையிலிருந்து எங்கள் கரையில் ஒரு படகும் வாள்மீன் கொண்டுவரவில்லை, காற்று தெற்கே திரும்பிவிட்டது என்றார் அண்ணன். வக்கீல் தன் தட்டைத் தள்ளி வைத்தார். அவர் மனைவியும் தள்ளினாள். ஐந்து நிமிடத்தில் ஒன்பது தட்டு சமையலறைக்குத் திரும்பிப் போனது. தலைமைச் சமையல்காரர் வெளியே வந்து சண்டைக்கு நின்றார். அண்ணனைப் பார்த்ததும் அடங்கிவிட்டார். சிறுவயதில் அண்ணனின் படகில் அவரிடம் வேலை பார்த்தவர் அந்தச் சமையல்காரர். மறுநாளிலிருந்து காலையில் அண்ணன் துறைமுகத்துக்குப் போய், மத்தியானத்துக்கு என்ன சமைப்பது என்று சொல்லிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அவர் எங்கள் தரையில் தடுமாறி நான் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அக்கா குளிக்கப் போனாள். ஹோட்டலுக்குக் கீழே பாறையில் செதுக்கிய மேடையும், கடலுக்குள் இறங்கும் இரும்பு ஏணியும் உண்டு. வேலைக்காரர்கள் அங்கே காலை நனைத்தால் அன்றே வேலை போய்விடும். குளியல் உடை இல்லாமல் இறங்க விடமாட்டோம் என்று மேடைக் காவலாளி தயங்கித் தயங்கிச் சொன்னான். அக்கா மேலங்கியைக் கழற்றினாள். உள்ளே கருநீலத்தில், முட்டி வரைக்கும், தானே தைத்த உடை. தையல் நேர்த்தியாக இருந்தது. அறுபத்தோரு வயதில் அவள் கால்கள் எவ்வளவு வெள்ளை என்று அவளே ஆச்சரியப்பட்டிருக்க வேண்டும். ஒரு கணம் குனிந்து பார்த்தாள்.

மேலே, துணி உலர்த்தும் முற்றத்துச் சுவரில் ரொசாலியாவும் மற்ற பெண்களும் வரிசையாகத் தலை நீட்டினார்கள். அக்காவுக்கு நீந்தத் தெரியாது. எங்கள் ஊரில் அந்த வயதுப் பெண்கள் யாருக்கும் தெரியாது. அண்ணனுக்கும் தெரியாது, மீன்காரர்கள் பலர் அப்படித்தான். அவர் மேடை விளிம்பில் நின்று ஏணியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, "போதும் நுன்சியா, முட்டி வரைக்கும் போதும்" என்றார். அவள் இன்னொரு படி இறங்கினாள். "இடுப்புக்கு மேல வேணாம்." இன்னொரு படி. கழுத்து வரைக்கும் தண்ணீர் வந்ததும் ஒரு கையை மட்டும் ஏணியில் வைத்துக்கொண்டு, மற்றதை விட்டுவிட்டு, மல்லாந்தாள். தண்ணீர் அவளைத் தூக்கிக்கொண்டது. காது தண்ணீருக்குள் இருந்ததால் அண்ணன் கத்தியது அவளுக்குக் கேட்டிருக்காது. சுவரிலிருந்து பெண்கள் கை தட்டினார்கள். எனக்கு மேடைக்கு வர வேலையே இல்லை. யாருக்கோ தந்தி வந்திருக்கிறது என்று சொல்கிற சாக்கில் அங்கே நின்றேன்.

மூன்றாம் நாள் பெர்ரூத்தி இருபத்தேழாம் அறைக்குச் சுத்தம் செய்ய ஆள் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ரொசாலியா போனாள். அக்கா அதற்கு முன்பே கட்டிலைச் சரிசெய்து, துண்டுகளை மடித்து அடுக்கியிருந்தாளாம். ரொசாலியா எல்லாவற்றையும் உருவிக் கீழே போட்டுவிட்டு, "நீயே செஞ்சுக்கிட்டா நான் எதுக்கு? போய் மாடத்துல உக்காரு. எனக்கு முப்பது வருஷம் ஆகிறப்ப நானும் ஒரு வேலையும் செய்ய மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்று விரட்டினாள். அக்கா மாடத்தில் உட்கார்ந்து, சும்மா இருக்கத் தெரியாமல், கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். சனிக்கிழமை வாக்கில்தான் அந்தக் கைகள் மடியில் அடங்கி உட்கார்ந்தன.

ஏழு இரவும் இருந்தார்கள். அடுத்த திங்கட்கிழமை புறப்படும்போது விருந்தாளிகள் புத்தகத்தை எடு என்றாள். பெர்ரூத்தி அதைத் தன் அறையில் வைத்துப் பூட்டியிருந்தார். நான் போய்க் கேட்டேன். முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார். நடிகைகளும் இளவரசர்களும் கையெழுத்துப் போட்ட புத்தகம். அக்கா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பெரிய எழுத்தில் எழுதினாள்: "கடல் நன்றாக இருந்தது. படுக்கை நன்றாக இருந்தது. தலையணை உறையின் ஓரங்களில் இஸ்திரி போதாது. இன்னும் சூடு வேண்டும்." கீழே முழுப் பெயர், நுன்சியா கம்மரத்தா. அண்ணன் பக்கத்தில் ஒரு மீன் வரைந்தார்.

அந்த ஆகஸ்டுக்குள் ஏழு இரவுக்கு அறை கேட்டு ஒன்பது கடிதம் வந்தது. ஒன்று தோட்டக்காரர் கார்மெலுவின் பெண்டாட்டியிடமிருந்து. காகிதம் மண்ணுக்குள் போய்விட்டது, ஆனால் அவர் முப்பத்தாறு வருடம் வேலை செய்தார் என்று ஊருக்கே தெரியும் என எழுதியிருந்தாள். அவளுக்கும் அறை கொடுத்தார்கள், கொஞ்சம் இழுத்தடித்த பிறகு.

எனக்கு நடந்தது வேறு. ஒவ்வொரு மார்ச்சிலும் சீசனுக்கு வேலைக்கு வரச்சொல்லி எங்களுக்குக் கடிதம் வரும். அடுத்த மார்ச்சில் எனக்கு வரவில்லை. ஏப்ரல் ஆனது. நான் யாரிடமும் சொல்லவில்லை. பத்தொன்பது வருடத்துக்குக் காகிதமும் கிடையாது, கேட்க வாயும் கிடையாது என்று வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். மீன் சந்தையில் ஒருநாள் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். இந்த நேரத்தில் இங்கே என்ன செய்கிறாய் என்று கேட்டாள். சொன்னேன். உங்களால்தான் என்று நான் சொல்லவில்லை. அப்படி நினைக்கவில்லை என்று சொன்னாலும் பொய்தான்.

அவள் மன்னிப்பும் கேட்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. கையிலிருந்த நெத்திலிப் பொட்டலத்தை அண்ணனிடம் கொடுத்துவிட்டு, "தொழிற்சங்க ஆபீஸ் எத்தன மணிக்குத் தொறக்கும்?" என்றாள்.

"ஒன்பதுக்கு. ஆனா அக்கா, அவங்ககிட்ட மோத முடியாது. பெரிய கம்பெனி."

"காலர் கசங்கியிருக்கு பாரு. நாளைக்கு எட்டரைக்குக் கோவில் முன்னாடி நில்லு, நானும் வர்றேன். வெள்ளைச் சட்டையக் குடுத்து விடு, இன்னைக்கே இஸ்திரி போட்டு வைக்கிறேன்."

வழக்கு பதினான்கு மாதம் நடந்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அக்கா வந்தாள். துமினெல்லோவும் ஒருநாள் வந்து, அன்றைக்குக் கூடத்தில் என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன் என்று சாட்சி சொன்னார். நீதிபதி என்னைத் திரும்ப வேலைக்கு எடுக்கச் சொன்னார். பெர்ரூத்தியை அதற்குள் வேறு ஊருக்கு மாற்றியிருந்தார்கள். ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை வேலைக்குப் போனேன். சந்து வரைக்கும் நடந்து போய், எலுமிச்சை மரங்களுக்குக் கீழே கொஞ்சம் நின்றேன். பிறகு திரும்பி, வெயிலில் சுற்றிக்கொண்டு வந்து, முன்வாசல் சுழல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை.